வெடிப்பைப் பூசிய புதன்கிழமை

பதுளையில் அந்த அலுவலகத்தில் நான் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் அவ்வளவு காலம் இருந்ததில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடை, பிறகு டைல்ஸ் கடை, பிறகு வெலிமடையிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றிப் போகும் லொறி என்று மாறிக்கொண்டே இருந்தேன். லொறியில் போன காலத்தில் சிங்களம் நன்றாக வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. லொறிக்காரர் ஒருநாள் லொறியை விற்றுவிட்டார். எம்.பி.யின் அலுவலகத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார். போய் நின்றேன். சிங்களம் பேசத் தெரியுமா, வான் ஓட்டத் தெரியுமா என்று இரண்டு கேள்விதான் கேட்டார்கள்.

வான் ஓட்டுவதோடு வேலை முடியவில்லை. கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். சிங்களம் தெரியாதவர்களோடு மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போய் அவர்களுடைய காரியத்தை எடுத்துச் சொல்ல வேண்டும்.

எம்.பி. அரசியலுக்கு வருவதற்கு முன்பு ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவர். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. காணிப் பிரச்சினை என்று வந்து நிற்கிற பெண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பார். "ரத்தமே இல்ல. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ, காணி எங்கயும் ஓடிறாது" என்பார். அவர் எடுத்துக்கொண்டதெல்லாம் ஓட்டுக் கிடைக்காத விஷயங்கள் என்று கட்சிக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரிகளில் காது கேளாதவர்களுக்குச் சைகை பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று பேசினார். பொலிஸில் தமிழில் முறைப்பாடு எழுத ஆள் வேண்டும் என்று பேசினார். எங்கோ மூலையில் இருக்கும் சில முஸ்லிம் குடும்பங்கள் இறந்தவர்களை அடக்கும் மையவாடிக்குப் போகும் பாதைக்காக ஒரு வருடம் அலைந்தார். பாராளுமன்றத்தில் அவருக்குச் சாயந்தரம்தான் நேரம் கிடைக்கும். பாதி ஆசனங்கள் காலியாக இருக்கும். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். தண்ணீர் குடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, யாரோ நிறையப் பேர் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரிப் பேசுவார்.

எனக்கு அவர் மேல் பக்தி ஒன்றும் இல்லை. கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிவார். ஆனால் வந்தவர்களை உட்கார வைக்காமல் பேசமாட்டார். நான் வேலை பார்த்த இடங்களில் அப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

அந்த அக்கா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நமுனுகுல பக்கத்துத் தோட்டம். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். காலையில் வந்தவருக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் முறை வந்தது. மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் மடியிலிருந்து ஒரு பழைய பால்மா பாக்கெட்டை எடுத்து, அதிலிருந்த ஈர்க்குத் துண்டுகளை வரிசையாக மேசைமேல் வைத்தார். விளக்குமாற்றிலிருந்து உருவி ஒடித்த துண்டுகள். முதல் துண்டு ஒரு நெல்லளவு. அடுத்தது கொஞ்சம் பெரிது. கடைசித் துண்டு என் கட்டைவிரல் அகலத்தைவிடக் கூடுதல்.

"என்னம்மா இது?" என்றார் எம்.பி.

"செவுத்து வெடிப்புங்க ஐயா. மாசா மாசம் வச்சுப் பாத்து ஒடிச்சது."

"இப்புடி அளக்கணும்னு யார் சொன்னது?"

"யாருமில்லைங்க. எங்க ஊட்டுக்காரரு படுத்த படுக்கை. அவருக்கு நாள் பூரா பார்வை அந்த வெடிப்புதான். பெருசாயிருக்குன்னு சொல்லுவாரு, நான் இல்லம்பேன். தெனம் சண்டை. சண்டை வேணாம்னுதான் ஈர்க்கு ஒடிக்க ஆரம்பிச்சோம்."

எம்.பி. சிரித்தார். அக்காவும் கொஞ்சம் சிரித்தார். பிறகு, சண்டையில் வீட்டுக்காரரே வென்றுவிட்டார் என்றார்.

கணவர் தேயிலைக்கு நடுவே நிற்கும் நிழல் மரங்களில் கிளை வெட்டுகிறவராக இருந்தவர். ஆறு வருடத்துக்கு முன்பு மரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஒரே மகள் கொஸ்லந்தை பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். அவர்கள் இருக்கும் லயத்துக்கு, ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பரா என்கிற ஒற்றை அறைகள் உள்ள குடியிருப்புக்கு, பின்னால் மண்மேடு நிற்கிறது. மழை பலத்தால் எல்லோரும் கீழே பிள்ளை மடுவத்துக்கு, அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடத்துக்கு, ஓடிவிடுவார்கள். அக்காவால் ஓட முடியாது. கணவரைத் தூக்க நான்கு ஆண்கள் வேண்டும். அவரவர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது எந்த நான்கு பேர் நிற்பார்கள்?

"பெரிய வீடு கேக்கலைங்க ஐயா. மேடு இல்லாத மட்டமான எடத்துல ஒரு காம்பரா போதும். ஐப்பசி மழைக்கு முந்திக் கெடைச்சாப் போதும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். அப்போது ஆனி மாதம்.

அந்தக் கிழமையே எம்.பி. என்னைப் போய்ப் பார்த்து வரச் சொன்னார். பாதை முடிகிற இடத்தில் வானை நிறுத்திவிட்டு, நூறு படிக்கு மேல் ஏற வேண்டியிருந்தது. பத்துக் காம்பரா உள்ள பழைய லயம். அக்காவுடையது நடுவில். உள்ளே பகலிலும் விளக்குப் போட்டிருந்தார்கள். வெடிப்பு ஜன்னல் மூலையிலிருந்து கோணலாகத் தரை வரை இறங்கியிருந்தது. காற்று வராமலிருக்கப் பழைய துணிகளையும் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கின் கிழிசலையும் திணித்து வைத்திருந்தார்கள். அக்கா ஒரு துணியை உருவிக் காட்டினார். அந்த வழியாக வெளியே மண்மேடும் அதில் ஒரு புல்லும் தெரிந்தன. மேட்டில் நீளமாக விரிசல்கள் விட்டிருந்தன. மேலே நின்ற மரங்கள் மூன்று, மண் நகர்ந்ததில் லயத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

கணவர் படுக்கையிலிருந்தபடி என்னை விசாரித்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்றார். கல்யாணமாகவில்லை என்றேன். "நல்லது. ஓடுறதுக்கு லேசு" என்றார்.

நான் வந்து சொன்னதைக் கேட்டுவிட்டு எம்.பி. கேள்வி எழுதினார். நான்கு கிழமை கழித்து அவருக்கு நேரம் கிடைத்தது. அந்தப் பேச்சை நான் போனில் பார்த்தேன். மண்சரிவு அபாயத்தில் உள்ள லயங்களைப் பற்றி, அவற்றில் இருக்கும் நடக்க முடியாதவர்களைப் பற்றி, வயதானவர்களைப் பற்றி, கர்ப்பிணிகளைப் பற்றிப் பேசினார். அபாயம் என்று அறிவித்தால் ஓடச் சொல்கிறீர்கள், ஓட முடியாதவனுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஈர்க்குத் துண்டுகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். எதிர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், உறுப்பினர் விளக்குமாற்றையும் கொண்டு வந்திருக்கலாமே என்றார். சிரிப்புக் கேட்டது. இவர் நிறுத்தவில்லை. இந்த ஈர்க்கு ஒடித்த பெண்ணுக்கு அளவுகோல் வாங்கிக் கொடுக்க யாருமில்லை, அதனால்தான் நாம் இங்கே இருக்கிறோம் என்றார். சிரிப்பு நின்றது. சீக்கிரமே அதிகாரிகளை அனுப்பிப் பார்ப்பதாக அமைச்சர் எழுந்து சொன்னார்.

அந்த வீடியோ தோட்டம் முழுக்கப் போனது. எங்க லயத்தைப் பத்திப் பேசிட்டாரு என்று பெரட்டுக் களத்தில், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், ஒருவர் போனை ஒருவர் வாங்கிப் பார்த்தார்களாம். அக்கா எனக்குப் போன் எடுத்து, ஊட்டுக்காரரு அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்குறாரு தம்பி, சார்ஜ் நிக்க மாட்டேங்குது என்றார்.

அதிகாரிகள் வருகிற நாள் ஒரு வியாழக்கிழமை என்று தெரிந்தது. திங்கட்கிழமை நான் லயத்தில் இருந்த தொழிற்சங்கத் தலைவருக்குப் போன் எடுத்தேன். நான் பேசியது இவ்வளவுதான்: "வியாழக்கெழம காலையில ஆபீசருங்க வர்றாங்க. ஐயாவும் வர்றாரு. கொஞ்சம் சுத்தமா வச்சுக்கங்க."

நான் போனபோது படிகளில் பாசி படிந்திருந்தது. வாசலோரக் கானில் அழுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. வருகிறவர்கள் வழுக்கி விழக்கூடாது, மூக்கைப் பொத்தக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். பத்து வயது வரை இருந்தேன். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை லயம் பார்க்க வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் லயம் அழுக்காக இருந்தால் ஏச்சுக் கிடைக்கும், வேலை நிற்கும். இப்போது எந்தத் துரையும் லயம் பார்க்க வருவதில்லை. தோட்டம் சுண்ணாம்பு கொடுத்தே பல வருடமாகிறது. ஆனாலும் பெரிய ஆள் ஒருவர் வருகிறார் என்றால் லயத்துக்கு வெள்ளை அடிக்கிற பழக்கம் போகவில்லை. இது எனக்குத் தெரிந்திருந்தும் போனில் பேசும்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

புதன்கிழமை நடந்ததைப் பிற்பாடு கணவர் எனக்குச் சொன்னார். பெண்கள் அரை நாளோடு வேலையை விட்டு வந்துவிட்டார்கள். மேட்டிலிருந்து களிமண் வெட்டிச் சாணியோடு குழைத்தார்கள். எல்லாக் காம்பராவிலும் முன் திண்ணையான இஸ்தோப்பை மெழுகினார்கள். சங்கத்தில் சொல்லிச் சுண்ணாம்பு வாங்கி வந்து முன்சுவர், பின்சுவர் எல்லாவற்றுக்கும் அடித்தார்கள். ஆண்கள் கானை வெட்டி விட்டார்கள். படிகளைத் தேய்த்தார்கள். மேட்டில் சாய்ந்து நின்ற மூன்று மரங்களையும் வெட்டி, படி தொடங்கும் இடத்தில் தோரணம் கட்டக் கால் நட்டார்கள். எப்படியும் சாய்கிற மரம்தானே என்று ஒருவர் சொன்னாராம்.

அக்கா வெடிப்பிலிருந்த துணிகளை உருவி எறிந்துவிட்டுக் களிமண்ணை அள்ளித் திணித்தார். கணவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்.

"இந்தா, அத அப்புடியே விடு. அத பாக்கத்தானே வர்றாங்க."

"பெரியவங்க வர்ற ஊட்ல கந்தலத் தொங்கவிட்டு வைக்கச் சொல்றீங்களா? ஊரு சிரிக்கும்."

"பாக்கணும்ல?"

"ஐயாதான் அங்க அத்தன பேருக்கு முன்னால சொல்லிட்டாரே. அதுக்கு மேல யாருக்குக் காட்டணும்?"

இதைச் சொன்னபோது கணவர் அக்கா மேல் குறை சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை. அவளுக்கு ஐயா சொன்னது சொன்னதுதான், என்றார். எனக்கும் அதுதான் புரிந்தது. அதிகாரிகள் பரிசோதிக்க வருகிறார்கள் என்று அந்த லயத்தில் யாரும் நினைக்கவில்லை. சபையில் ஒருவர் எழுந்து நின்று சொன்ன பிறகு அதில் பரிசோதிக்க என்ன இருக்கிறது? விஷயம் முடிந்தது. வருகிறவர்கள் இடத்தைக் காட்டிக் கொடுக்க வருகிற விருந்தாளிகள். விருந்தாளிக்கு வீட்டை எப்படி வைக்க வேண்டுமோ அப்படி வைத்தார்கள்.

வியாழக்கிழமை படியேறும்போதே எனக்குச் சுண்ணாம்பு வாசம் அடித்தது. மேலே போய்ப் பார்த்தேன். லயம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. அந்த மலையில் அவ்வளவு அழகான லயத்தை நான் பார்த்ததில்லை. எம்.பி. எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தவர், கடைசிப் படியில் நின்றுவிட்டார். மூச்சு வாங்க நிற்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு பெண் ஆரத்தித் தட்டோடு வந்தாள். மாலை போட்டார்கள்.

அதிகாரிகள் இரண்டு பேர். ஒருவர் கோப்பு வைத்திருந்தவர். மற்றவர் மண், பாறை பற்றிப் படித்த ஒரு சிங்களப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் ஒரு சிறு சுத்தியலும் அளவுநாடாவும் இருந்தன. அவரைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்ல முடியாது. பிஸ்கட்டும் தேநீரும் பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நேராக வேலைக்குப் போனார். பெரிய துரைக்கு அடுத்தவரான தோட்டத்துச் சின்னத்துரையும் வந்திருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு லயத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தோட்டம் லயங்களை எப்படி வைத்திருக்கிறது என்று நீங்களே பார்க்கிறீர்கள்தானே என்று சிங்களத்தில் சொன்னார். அது எங்கள் ஆட்கள் அடித்த சுண்ணாம்பு என்று நான் சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பெண் அதிகாரி அக்காவின் காம்பராவுக்குள் வந்து வெடிப்பு எங்கே என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அக்கா சந்தோஷமாகச் சுவரைக் காட்டினார். அதிகாரி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஈரம் கையில் ஒட்டியது. புதிதாகப் பூசியிருக்கிறார்களே என்றார். ஆமாம், நேற்று என்றேன். எவ்வளவு அகலம் இருந்தது, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கமாக விலகியிருந்தது என்று கேட்டார். நான் பார்த்தேன், புல் தெரிந்தது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அலுவலகத்து டிரைவர்.

எம்.பி. ஈர்க்குத் துண்டுகளைக் கொடுத்தார். அவர் அவற்றை வாங்கி, ஒவ்வொன்றையும் நாடாவில் வைத்துப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் சுவரில் ஒரே இடத்தில் வைத்து அளந்தீர்களா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அக்கா யோசித்துவிட்டு, அனேகமா அங்கதான், சில மாசம் கொஞ்சம் கீழ, என்று உண்மையைச் சொன்னார். அதிகாரி துண்டுகளைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் அக்காவின் முகம் மாறியது. ஏதோ சரியில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்ன தம்பி கேக்குறாங்க? ஐயா சொன்னத இவங்களுக்கு யாரும் சொல்லலையா?"

படுக்கையிலிருந்து கணவர்தான் பேசினார். "தலைவரே, மம்பட்டி எடுத்து ஒடைங்க. ஒடைச்சுக் காட்டுங்க."

தலைவர் ஓடிப்போய் மண்வெட்டியைக் கொண்டு வந்தார். அந்தப் பெண் அதிகாரி கையை நீட்டித் தடுத்தார். மண்வெட்டியால் வெட்டினால் நான் பார்ப்பது மண்வெட்டி வெட்டியதைத்தான், பழைய வெடிப்பை அல்ல, என்று சொன்னார். அவருக்கும் அதைச் சொல்ல விருப்பமில்லை என்பது குரலில் தெரிந்தது. பின்பக்கம் போனார். மேட்டில் விரிசல்கள் எல்லாம் களிமண் வெட்டியதில் மூடிப்போயிருந்தன. சாய்ந்த மரங்கள் இருந்த இடத்தில் மூன்று அடிக்கட்டைகள். அவர் ஒரு அடிக்கட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மரம் எங்கே என்று கேட்டார். தலைவர் கீழே தோரணத்தைக் காட்டினார்.

நான் பார்ப்பதைத்தான் எழுத முடியும், என்று எம்.பி.யிடம் சொல்லிவிட்டு, கொஞ்ச காலம் கழித்து மறுபடியும் வந்து பார்க்க வேண்டும் என்று தானே பரிந்துரைப்பதாகச் சொன்னார். பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். பிஸ்கட் ஒன்றும் எடுத்தார். அவர்களுடைய முகத்துக்காக எடுத்தார் என்று நினைக்கிறேன்.

எம்.பி. உள்ளே போய்க் கணவரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு அவரைத் திருப்பச் சொல்லி முதுகைப் பார்த்தார். கீழ்முதுகில் உள்ளங்கை அளவுக்குப் புண் இருந்தது. சுத்தமாக வைத்திருந்தார்கள், ஆனாலும் புண் புண்தான். இதை ஈரம் படாம வச்சிருக்கணும், என்று அக்காவிடம் மட்டும் சொன்னார். பிறகு படி இறங்கினார்.

பசறை வரும் வரை வானில் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்.

"போன்ல என்ன சொன்னே?"

"சுத்தமா வச்சுக்கச் சொன்னேன் ஐயா."

கையிலிருந்த கண்ணாடியை எறிவார் என்று எதிர்பார்த்தேன். எறியவில்லை. "எங்கம்மாவும் பூசியிருப்பாங்க" என்றார். "நான் போன் எடுத்திருக்கணும். உன்ன எடுக்கச் சொன்னது நான்தானே."

அறிக்கை மூன்று கிழமையில் வந்தது. உடனடி அபாயத்துக்கான அடையாளங்கள் காணப்படவில்லை, மழைக்காலத்துக்குப் பின் மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று இருந்தது. அந்த வருடத்துக்கு இடம் மாற்றப்படுகிறவர்களின் பட்டியல் அதோடு மூடப்பட்டது. எம்.பி. மறுபடியும் எழுந்து பேசினார். அமைச்சர் அறிக்கையை வாசித்தார். அதற்குப் பிறகு எம்.பி. எதைப் பற்றிப் பேச எழுந்தாலும் எதிர்ப் பக்கத்தில் யாராவது விளக்குமாறு என்பார்கள். பதுளைக் கடைத்தெருவிலும் அந்தப் பெயர் வந்துவிட்டது. ஈர்க்கு எம்.பி. வர்றாரு என்று தேநீர்க் கடையில் என் காதுபடவே சொன்னார்கள். சொன்னவர்கள் எங்கள் ஆட்கள்தான். அவர் பேசுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். முன்பு எங்கள் ஆட்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு போவார். இப்போது எதற்கும் படம் எடுத்தாயா, கடுதாசி இருக்கிறதா என்று கேட்டார். வயதான பெண்களிடம்கூடக் கேட்டார். அவர்கள் விளங்காமல் விழித்தார்கள்.

ஐப்பசி வந்தது. அந்த வருட மழை மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கும். எச்சரிக்கை வந்தால் தலைவர் விசில் ஊதுவார். லயத்து ஆட்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். புதன்கிழமை பூசியது தாங்கள்தானே என்ற குற்ற உணர்வு எல்லோருக்கும் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, பதிலாக நான்கு ஆண்களை ஒதுக்கினார்கள். ஒரு கதவைக் கழற்றி அதில் கணவரைப் படுக்கவைத்து, மேலே படங்கு போர்த்தி, நூறு படி இறக்கிப் பிள்ளை மடுவத்துக்குக் கொண்டுபோவார்கள். மழை விட்டதும் மறுபடி ஏற்றுவார்கள். ஒரு கிழமையில் நான்கு தடவை அப்படிச் செய்தார்கள். மண் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் நனைந்தார். சீமெந்துத் தரையில் ஈரத் துணியோடு கிடந்தார். ஐந்தாவது தடவை விசில் கேட்டபோது, நான் வரல, நீங்க போங்க என்று சொல்லிவிட்டாராம். அக்காவும் போகவில்லை. இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு காம்பராவுக்குள்ளேயே இருந்தார்கள். அன்றும் மண் வரவில்லை.

ஆனால் புண் பெரிதாகிக் காய்ச்சல் வந்துவிட்டது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம்தான். நான் தினமும் போனேன். மெலிந்து, கண்கள் மட்டும் பெரிதாக இருந்தார். வார்டின் சுவரைக் காட்டி, "நல்ல செவுரு தம்பி. பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். புதன்கிழமை நடந்ததையெல்லாம் அந்தக் கட்டிலில் படுத்தபடிதான் சொன்னார். சொல்லிவிட்டு, அவகிட்ட இதப் பத்திப் பேசிராதீங்க, என்றார். பதினோராம் நாள் இறந்துபோனார். இரத்தத்தில் கிருமி என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த மழையில் மண்சரிவால் இறந்தவர்களின் கணக்கில் அவர் இல்லை.

எம்.பி. சவ வீட்டுக்கு வந்தார். லயத்து ஆட்கள் அவருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் உட்காராமல் சுவருக்குப் பக்கத்தில் நின்றார். பூசிய களிமண் காய்ந்து, பழைய வெடிப்பு இருந்த அதே கோணத்தில் திறந்துகொண்டிருந்தது. அன்று அதைப் படம் எடுக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மூன்று நாள் கழித்து நான் போய் எடுத்தேன்.

தை பிறந்த பிறகு அதே பெண் அதிகாரி மறுபடி வந்தார். இந்தத் தடவை நான் யாருக்கும் போன் எடுக்கவில்லை. அவர் வெடிப்பை அளந்தார், மேட்டில் ஏறி அங்கே திறந்திருந்த விரிசலையும் அளந்தார். கட்டிலைத் தேடுகிற மாதிரிச் சுற்றிப் பார்த்துவிட்டு, படுத்திருந்தவர் எங்கே என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். சுவரை இன்னொரு தடவை அளந்துவிட்டு எழுதினார். உயர் அபாயம் என்று அறிக்கை வந்தது. பத்துக் காம்பராவும் பட்டியலுக்குத் தகுதி. எம்.பி. பேசியதற்குக் கடைசியில் பலன் கிடைத்தது என்று கட்சிக்காரர்கள் பட்டாசு கொளுத்தப் பார்த்தார்கள். அவர் ஏசித் தடுத்தார்.

தகுதி என்றால் உடனே வீடு இல்லை. வருடத்துக்குச் சில வீடுகள்தான் கட்டுவார்கள். முதலில் யாருக்கு என்பதற்கு ஒரு படிவம் இருந்தது. அதில் முன்னுரிமை பெறுகிறவர்களின் வரிசை அச்சிட்டிருந்தது. நடக்க முடியாதவர் உள்ள குடும்பம் முதலாவது. அந்த வரிசையை அப்படி மாற்றவைத்தது எங்கள் எம்.பி.தான். குழுக்கூட்டங்களில் போய் உட்கார்ந்து, வாதாடி மாற்றவைத்தார். முன்பு அங்கத்தவர் எண்ணிக்கைதான் முதலில் இருந்தது.

அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் படிவத்தை நிரப்ப வந்தார். நான் கேள்விகளை வாசிக்க வாசிக்க அவர் பதில் சொன்னார். குடும்ப அங்கத்தவர் எத்தனை பேர் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினேன். விசேட தேவையுடையவர் எவரும் உண்டா என்ற இடம் வந்தது. நான் வாசிக்காமலே எழுதிவிடப் பார்த்தேன். எம்.பி. எதிரே உட்கார்ந்திருந்தார். இருவரும் தயங்குவதைப் பார்த்து அக்காவே எட்டிப் பார்த்தார்.

"அதுல என்னங்க கேட்டிருக்கு?"

எம்.பி. சொன்னார். தனியாக இருக்கிற பெண் என்று வேறு ஒரு கடிதம் எழுதுகிறேன், அதை வைத்துப் பேசிப் பார்க்கிறேன், ஆனால் இடம் பின்னுக்குத்தான் வரும், இரண்டு மூன்று வருடம் ஆகலாம், என்று மறைக்காமல் சொன்னார். உனக்கு முன்னால் மற்ற லயங்களில் படுக்கையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள் என்றார். சொல்லும்போது படிவத்தைப் பார்த்தார், அவரைப் பார்க்கவில்லை.

அக்கா தலையாட்டினார். "அவங்களுக்கு மொதல்ல குடுங்க ஐயா. அதுதான் சரி" என்றார். பிறகு, "எனக்கென்ன அவசரம். இனி நான் ஒருத்திதானே. மழை வந்தா ஓடிருவேன்" என்றார்.

நான் 'இல்லை' என்று எழுதிப் படிவத்தைத் திருப்பி வைத்தேன். அக்கா பேனாவை வாங்கி, தன் பெயரை மெதுவாக, முழுதாக எழுதினார்.